பிரித்தானிய நாடாளுமன்றத்தில் அமைச்சர்களிடம் கேள்வி கேட்கும் முறை (1939 வரை)

பிரித்தானிய நாடாளுமன்றத்தில் அமைச்சர்களிடம் கேள்வி கேட்கும் முறை என்பது, நாடாளுமன்ற உறுப்பினர்கள் அரசின் செயல்கள் குறித்து அமைச்சர்களிடம் விளக்கம் கோருவதற்கோ, ஒரு நடவடிக்கையை எடுக்குமாறு வலியுறுத்துவதற்கோ பயன்படுத்திய வழிமுறை ஆகும். 18ஆம் நூற்றாண்டில் தொடங்கிய இவ்வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் விரிவடைந்து, 1902ஆம் ஆண்டின் விதித் திருத்தங்களுக்குப் பின்னர் நிலையான வடிவம் பெற்றது. இக்கட்டுரை 1939இல் இரண்டாம் உலகப் போர் தொடங்கும் வரையான காலப்பகுதியில் மக்களவையில் இம்முறை இயங்கிய விதத்தை விவரிக்கிறது. இந்திய நாடாளுமன்றம் உட்பட, பிரித்தானிய மரபைப் பின்பற்றும் பல சட்டமன்றங்களின் கேள்வி நேரத்துக்கு இதுவே முன்மாதிரி ஆகும்.

தோற்றம்

பதிவாகியுள்ள முதல் கேள்வி 1721 பெப்ரவரியில் பிரபுக்கள் அவையில் கேட்கப்பட்டது. தென்கடல் நிறுவனத்தின் பங்கு விலைகள் சரிந்து பலர் பொருளிழந்திருந்த காலம் அது. நாட்டை விட்டுத் தப்பியோடிய அந்நிறுவனத்தின் காசாளர் ராபர்ட் நைட் கைது செய்யப்பட்டதாக வந்த செய்தி உண்மையா என்று கவுப்பர் பிரபு வினவினார். அரசின் சார்பில் சண்டர்லாந்து பிரபு விடையளித்தார்.

அக்காலத்தில் நாடாளுமன்றத்தில் எதைப் பேசுவதாயினும் ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தே பேச வேண்டும். தீர்மானம் எதுவுமின்றி ஒரு உறுப்பினர் எழுந்து வினவுவது விதிவிலக்காகவே கருதப்பட்டது. இவ்விதிவிலக்கு மெல்ல மெல்ல வழக்கமாக மாறியது. 1835இல் முதன்முறையாக ஒரு கேள்வி முன்கூட்டியே அச்சிட்ட அறிவிப்புத் தாளில் இடம்பெற்றது. பின்னர் அத்தாளில் கேள்விகளுக்கெனத் தனித்தலைப்பும் ஏற்பட்டது.

எண்ணிக்கைப் பெருக்கம்

1847இல் மக்களவையில் கேட்கப்பட்ட கேள்விகள் 129 மட்டுமே. 1900ஆம் ஆண்டில் இந்த எண்ணிக்கை 5,000ஐத் தாண்டியது. இதற்குப் பல காரணங்கள் இருந்தன:

* வாக்குரிமை விரிவடைந்ததால், உறுப்பினர்கள் தத்தம் தொகுதி மக்களின் குறைகளை அவையில் எழுப்ப வேண்டிய தேவை மிகுந்தது.
* தொழிற்சாலை, கல்வி, அஞ்சல், காவல் போன்ற துறைகளில் அரசின் பணிகள் பெருகின.
* சாதாரண உறுப்பினர்கள் விவாதங்களில் பேசுவதற்குக் கிடைத்த நேரத்தை அரசு படிப்படியாகக் குறைத்தது. கேள்வி ஒன்றே அவர்களுக்கு எஞ்சிய எளிய வழியாக இருந்தது.
* 1880களில் ஐரிஷ் தேசியவாத உறுப்பினர்கள், அயர்லாந்தின் குறைகளை வெளிப்படுத்துவதற்கும் அவையின் பணியைத் தாமதப்படுத்துவதற்கும் கேள்விகளைப் பெருமளவில் பயன்படுத்தினர்.

நேரத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு, 1880களில் உறுப்பினர்கள் கேள்வியை முழுவதுமாக வாசிக்கும் வழக்கம் கைவிடப்பட்டது. அச்சிட்ட தாளில் உள்ள வரிசை எண்ணை மட்டும் கூறினால் போதும் என்றாயிற்று.

1902ஆம் ஆண்டுத் திருத்தங்கள்

ஆர்தர் பால்ஃபர் 1902இல் கொண்டுவந்த விதித் திருத்தங்கள் கேள்வி முறையை வரையறுத்தன. இவற்றின்படி கேள்வி நேரத்துக்குக் கால வரம்பு விதிக்கப்பட்டது. வாய்மொழியாக விடை வேண்டுவோர் தம் கேள்விக்கு நட்சத்திரக் குறி இட வேண்டும். குறி இல்லாத கேள்விகளுக்கு எழுத்து மூலம் விடை தரப்படும். நேரம் முடிந்தபின் எஞ்சிய நட்சத்திரக் கேள்விகளுக்கும் எழுத்து மூலமே விடை கிடைக்கும். அதற்கு முன் எழுத்து மூலமான விடை என்ற வழக்கம் இருக்கவில்லை.

ஒரு உறுப்பினர் ஒரு நாளில் கேட்கக்கூடிய நட்சத்திரக் கேள்விகளின் எண்ணிக்கையும் பின்னர் குறைக்கப்பட்டது. 1909இல் இவ்வரம்பு 8 ஆகவும், 1919இல் 4 ஆகவும், 1920இல் 3 ஆகவும் இருந்தது.

நடைமுறை

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் மக்களவை பிற்பகல் 2.45 மணிக்குக் கூடியது. வழிபாட்டுக்கும் சில சிறு அலுவல்களுக்கும் பின்னர் கேள்வி நேரம் தொடங்கி 3.45 மணிக்கு முடிவடைந்தது. திங்கள் முதல் வியாழன் வரையான நாட்களில் மட்டுமே இது நடைபெற்றது.

கேள்வி கேட்க விரும்பும் உறுப்பினர் அதனை எழுத்தில் அவைச் செயலரின் மேசையில் அளிக்க வேண்டும். அது விதிகளுக்கு உட்பட்டதா என்று செயலர்கள் ஆராய்வர். ஐயம் எழுந்தால் சபாநாயகரின் முடிவே இறுதியானது. முதன்மையான விதிகள் வருமாறு:

* கேள்வி தகவல் கோருவதாகவோ, நடவடிக்கை கோருவதாகவோ இருக்க வேண்டும். அது சொற்பொழிவாகவோ வாதமாகவோ அமையக்கூடாது.
* கேள்விக்குரிய பொருள் அந்த அமைச்சரின் பொறுப்பில் உள்ளதாக இருக்க வேண்டும்.
* கேள்வியில் கூறப்படும் செய்திகளின் உண்மைக்குக் கேட்பவரே பொறுப்பாவார்.
* நீதிமன்ற விசாரணையில் உள்ள வழக்குகள் பற்றிக் கேட்கக்கூடாது.
* அரசரின் நடத்தை பற்றிக் கேட்கக்கூடாது.

அமைச்சர் விடையளித்தபின், கேட்டவரும் பிறரும் சபாநாயகரின் இசைவுடன் துணைக் கேள்விகள் கேட்கலாம். முதல் கேள்விக்கான விடையை அதிகாரிகள் எழுதித் தருவர். என்னென்ன துணைக் கேள்விகள் எழக்கூடும் என்று ஊகித்துக் குறிப்புகளும் தருவர். ஆயினும் எதிர்பாராத துணைக் கேள்விக்கு அமைச்சர் தாமே விடை கூற வேண்டும். ஓர் அமைச்சர் தம் துறையை எந்த அளவுக்கு அறிந்திருக்கிறார் என்பதை அவை இங்கேதான் கண்டுகொண்டது.

அவசரமான பொருள் குறித்து, அன்று நண்பகலுக்கு முன் சபாநாயகருக்கு அறிவித்து, அச்சிட்ட அறிவிப்பு இன்றியே கேள்வி எழுப்பலாம். இது தனி அறிவிப்புக் கேள்வி எனப்பட்டது. விடையில் நிறைவடையாத உறுப்பினர், அன்றைய அமர்வின் இறுதியில் நடக்கும் ஒத்திவைப்பு விவாதத்தில் அப்பொருளை மீண்டும் எழுப்பலாம்.

விடையளிக்குமாறு அமைச்சரைக் கட்டாயப்படுத்த அவையில் எவருக்கும் அதிகாரம் இல்லை. பொது நலன் கருதி விடை கூற இயலாது என்று அவர் மறுக்கலாம். எனினும் அந்த மறுப்பும் 1909 முதல் அதிகாரபூர்வமாக வெளியிடப்பட்ட நாடாளுமன்ற அறிக்கையில் பதிவாகி, மறுநாள் செய்தித்தாள்களில் வெளியாயிற்று.

பிரதமரிடம் கேள்விகள்

1881இல் பிரதமர் வில்லியம் கிளாட்ஸ்டனின் முதுமையைக் கருதி, அவர் சற்றுத் தாமதமாக அவைக்கு வரும் வகையில் அவருக்குரிய கேள்விகள் பட்டியலின் இறுதியில் வைக்கப்பட்டன. பின்னர் கேள்வி நேரத்துக்கு வரம்பு வந்தபோது, இறுதியில் இருந்த கேள்விகளுக்கு நேரம் கிடைக்காமல் போயிற்று. எனவே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரதமருக்குரிய கேள்விகள் 51ஆம் எண்ணிலிருந்தும், பின்னர் 45ஆம் எண்ணிலிருந்தும் தொடங்குமாறு மாற்றப்பட்டது. முந்தைய கேள்விகள் நீண்டுவிட்டால் பிரதமரின் முறை வராமலே நேரம் முடிவதும் உண்டு. பிரதமருக்கெனத் தனியான நேரம் 1961இல்தான் ஏற்பட்டது.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

சிறையில் வலிந்து உணவூட்டல் (1909)

வாக்குரிமை கோரிப் போராடிச் சிறைப்பட்ட பெண்கள் உண்ணாநோன்பு இருந்தபோது, பர்மிங்காமின் வின்சன் கிரீன் சிறையில் அவர்களுக்குக் குழாய் மூலம் வலிந்து உணவூட்டப்பட்டது. 1909 செப்டம்பரில் தொழிற்கட்சி உறுப்பினர் கீர் ஹார்டி இதுபற்றி அவையில் வினவினார். உள்துறையின் சார்பில் விடையளித்த சார்லஸ் மாஸ்டர்மன் இதனை மருத்துவமனைச் சிகிச்சை என விவரித்தார். விடையின்போது உறுப்பினர்கள் பலர் நகைத்ததைக் கண்டித்து ஹார்டி செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதினார். கேள்வியால் உணவூட்டல் நிற்கவில்லை. ஆயினும் சிறைச் சுவர்களுக்குள் நடந்ததை அரசே அவையில் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஜாலியன்வாலா பாக் (1919)

1919 ஏப்ரல் 13 அன்று அமிர்தசரசில் நடந்த படுகொலையின் முழு விவரம் பல மாதங்கள் வரை பிரித்தானிய மக்களுக்குத் தெரியவில்லை. விசாரணைக் குழுவின் முன் ஜெனரல் டயர் அளித்த சாட்சியம் டிசம்பரில் செய்தித்தாள்களில் வெளிவந்ததும், இந்தியாவுக்கான அமைச்சர் எட்வின் மாண்டேகுவிடம் மக்களவையில் கேள்விகள் எழுப்பப்பட்டன. செய்தித்தாள்களைப் பார்க்கும் வரை விவரங்களைத் தாம் அறியவில்லை என்று மாண்டேகு கூறினார். பஞ்சாபின் முன்னாள் துணைநிலை ஆளுநர் மைக்கேல் ஓ'டையர் பின்னர் இதனை மறுத்ததால், அமைச்சர் எப்போது எதை அறிந்திருந்தார் என்பதே தனிச் சர்ச்சையாக மாறியது.

கேம்பல் வழக்கு (1924)

தொழிலாளர்கள் மீது சுட வேண்டாம் எனப் படைவீரர்களுக்கு அழைப்பு விடுத்த கட்டுரையை வெளியிட்டமைக்காக, பொதுவுடைமைக் கட்சி இதழின் பொறுப்பாசிரியர் ஜே. ஆர். கேம்பல் மீது வழக்குத் தொடரப்பட்டது. 1924 ஆகஸ்ட் 6 அன்று ஆளும் தொழிற்கட்சியின் உறுப்பினரான ஜான் ஸ்கர் இது குறித்துக் கேள்வி எழுப்பினார். சில நாட்களில் வழக்கு கைவிடப்பட்டது. அரசியல் தலையீட்டால்தான் அது கைவிடப்பட்டதா என்ற ஐயம் எழுந்தது.

செப்டம்பர் 30 அன்று கிங்ஸ்லி வுட் கேட்ட கேள்விக்கு, இதில் தம்மை எவரும் கலந்தாலோசிக்கவில்லை எனப் பிரதமர் ராம்சே மெக்டொனால்ட் விடையளித்தார். அது சரியன்று என்பதை அக்டோபர் 8 அன்று அவர் அவையில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அன்றிரவு நடந்த வாக்கெடுப்பில் அரசு 364க்கு 198 என்ற கணக்கில் தோற்றது. தொடர்ந்து நடந்த தேர்தலில் முதலாவது தொழிற்கட்சி அரசு ஆட்சியை இழந்தது.

ஜாரோ நடைப்பயணம் (1936)

கப்பல் கட்டும் தளம் மூடப்பட்டதால் வேலையிழந்த ஜாரோ நகரத்தார் சுமார் 200 பேர் 1936 அக்டோபரில் இலண்டனுக்கு நடந்து வந்தனர். அவர்களது மனுவை நவம்பர் 4 அன்று எலன் வில்கின்சன் மக்களவையில் அளித்தார். அதையொட்டி எழுந்த கேள்விக்கு, நிலைமை நிறைவளிப்பதாக இல்லை எனினும் அண்மை மாதங்களில் முன்னேற்றம் உள்ளது என வணிக அமைச்சர் வால்டர் ரன்சிமன் கூறினார். அரசின் மெத்தனத்தை அண்டைத் தொகுதி உறுப்பினர் ஜேம்ஸ் சூட்டர் ஈட் சாடினார். அத்துடன் அவை அடுத்த அலுவலுக்குச் சென்றது. ஒரு கேள்வியால் அரசை விடையளிக்கச் செய்ய முடியுமேயன்றிச் செயல்படச் செய்ய முடியாது என்பதற்கு இந்நிகழ்வு எடுத்துக்காட்டாகும்.

சாண்டிஸ் விவகாரம் (1938)

போர் அச்சம் மிகுந்திருந்த 1938 ஜூனில், இலண்டனைக் காக்கும் விமான எதிர்ப்புப் பீரங்கிகளின் பற்றாக்குறை குறித்து உறுப்பினர் டங்கன் சாண்டிஸ் ஒரு கேள்வியைத் தயாரித்தார். இவர் வின்ஸ்டன் சர்ச்சிலின் மருமகன். பகுதிநேரப் படையில் அதிகாரியாகவும் இருந்தார். அவையில் கேட்பதற்கு முன் அக்கேள்வியின் வரைவைப் போர்த்துறை அமைச்சர் லெஸ்லி ஹோர்-பெலிஷாவுக்கு அனுப்பினார். அதிலிருந்த எண்கள் இரகசிய ஆவணங்களோடு ஒத்திருந்தன.

தகவலை அளித்தவரின் பெயரைக் கூற மறுத்தால் அரசு இரகசியச் சட்டத்தின் கீழ்த் தண்டனைக்கு உள்ளாக நேரிடும் எனத் தலைமை வழக்கறிஞர் டொனால்ட் சோமர்வெல் தம்மிடம் தெரிவித்ததாக, ஜூன் 27 அன்று சாண்டிஸ் அவையில் கூறினார். இதனிடையே இராணுவ விசாரணை மன்றத்தின் முன் சீருடையில் வருமாறும் அவருக்கு ஆணை வந்தது. இந்த ஆணை நாடாளுமன்றச் சிறப்புரிமையை மீறுவது என உரிமைக் குழு முடிவு செய்தது. ஓர் உறுப்பினர் நாடாளுமன்றப் பணியின் பகுதியாக வெளியிடும் செய்திகளுக்காக அவர்மீது இரகசியச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடர இயலாது என்பதும் நிலைநாட்டப்பட்டது. தகவல் தருமாறு கட்டாயப்படுத்தும் பிரிவு உளவுக் குற்றங்களுக்கு மட்டுமே பொருந்தும் வகையில் 1939இல் சட்டம் திருத்தப்பட்டது.

வெளியுறவுக் கேள்விகள்

1938 பெப்ரவரியில் அந்தோணி ஈடன் பதவி விலகியபின், பிரபுக்கள் அவை உறுப்பினரான ஹாலிஃபாக்ஸ் பிரபு வெளியுறவு அமைச்சரானார். அவர் மக்களவையில் விடையளிக்க இயலாது. எனவே முக்கிய கேள்விகளுக்குப் பிரதமர் நெவில் சேம்பர்லினும், ஏனையவற்றுக்கு இளநிலை அமைச்சர் ஆர். ஏ. பட்லரும் விடையளித்தனர். ஸ்பானிய உள்நாட்டுப் போரில் பிரித்தானிய வணிகக் கப்பல்கள் மீது குண்டு வீசப்பட்டமை குறித்துப் பல கேள்விகள் எழுந்தன. அதிகம் வெளிப்படுத்தாமல் விடையளிப்பதில் பட்லர் தேர்ந்தவர் எனப் பெயர் பெற்றார்.

கட்சி சாராத உறுப்பினரான எலனர் ராத்போன், ஸ்பெயின், செக்கோஸ்லோவாக்கியா ஆகிய நாடுகளின் அகதிகளுக்காக இடைவிடாது கேள்விகள் எழுப்பினார். ஆட்சியில் பங்கில்லாத ஒருவர், கேள்வி என்னும் ஒரே கருவியைக் கொண்டு அரசுத் துறைகளைத் தொடர்ந்து வற்புறுத்த முடிந்தது.

குறைபாடுகள்

அமைச்சரின் பொறுப்பில் இல்லாதவை பற்றிக் கேட்க முடியாது என்ற விதி சில வேளைகளில் பெரும் இடைவெளியை ஏற்படுத்தியது. வட அயர்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் அமைந்தபின், அதற்கு மாற்றப்பட்ட பொருள்கள் பற்றிய கேள்விகளை அங்குள்ள அமைச்சர்களிடமே கேட்க வேண்டும் என 1923இல் சபாநாயகர் ஜான் விட்லி தீர்ப்பளித்தார். இதனால் அங்குள்ள கத்தோலிக்கச் சிறுபான்மையினர் வீட்டு வசதியிலும் வேலைவாய்ப்பிலும் பாகுபாடு காட்டப்படுவதாகக் கூறிய குறைகளை, பல பத்தாண்டுகளாக வெஸ்ட்மின்ஸ்டரில் கேள்வியாக எழுப்ப இயலவில்லை.

இந்தியாவில் தாக்கம்

1892ஆம் ஆண்டு இந்தியச் சட்டமன்றங்கள் சட்டம், இந்தியாவில் சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமையை அளித்தது. ஆனால் துணைக் கேள்விகளுக்கு அனுமதி இல்லை. 1909ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களின் கீழ், முதல் கேள்வியைக் கேட்டவர் மட்டும் துணைக் கேள்வி கேட்க அனுமதிக்கப்பட்டார். 1919ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் இவ்வுரிமை ஏனைய உறுப்பினர்களுக்கும் கிடைத்தது. வாய்மொழி விடைக்கு நட்சத்திரக் குறி இடும் பிரித்தானிய வழக்கம் விடுதலைக்குப் பின்னரும் இந்திய நாடாளுமன்றத்தில் தொடர்ந்தது.

இவற்றையும் பார்க்க

* கேள்வி நேரம்
* பிரித்தானிய மக்களவை
* நாடாளுமன்றச் சிறப்புரிமை
* அமைச்சரவைக் கூட்டுப் பொறுப்பு