டாப்பெட் மூடியின் கசிவு

உத்திரமேரூர் என்றதும் நமக்குக் குடவோலை நினைவுக்கு வந்துவிடுகிறது. முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் தேர்தல் விதிகளை வியந்து படிக்கும் நாம், அவற்றிலேயே வரும் ஏரி வாரியத்தை வெறும் சொல்லாகக் கடந்து போகிறோம். ஏரி ஒருமுறை வெட்டப்பட்டது. கரையும் மதகும் ஆண்டுதோறும் பார்க்கப்பட்டன. இந்த இரண்டாவது வேலைக்கு நம் வரலாற்று எழுத்தில் இடம் மிகக் குறைவு. மோட்டார் காரின் வரலாற்றையும் இப்படித்தான் எழுதி வைத்திருக்கிறோம்.

உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டு வழியாகச் சென்றால் வண்டலூர். 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும் வரை இரண்டும் ஒரே மாவட்டத்து ஊர்கள். 1948இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் அங்கேதான் கார்களைச் செய்தது. இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் துணையோடு வேன்கார்டில் தொடங்கி, 1961இல் ஹெரால்டு, 1972இல் கெஸல், 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்று வந்து, 1988இல் எல்லாம் நின்று போயிற்று. எழுதப்பட்ட வரலாறு அத்துடன் முடிகிறது. ஹெரால்டுகள் மட்டும் அதற்குப் பின்னும் ஓடின. செய்த ஆலையே இல்லாத நிலையில் ஒரு வண்டி எப்படி ஓடியது? விடையின் ஒரு பகுதி, எஞ்சின் தலையில் கவிழ்ந்திருக்கும் தகர மூடியில் இருக்கிறது.

ஹெரால்டின் 948 சிசி எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள், எட்டு வால்வுகள். வால்வுகளை அழுத்தும் ராக்கர்களும் அவற்றின் மீது ஓயாமல் வழியும் எண்ணெயும் வெளியே தெரியாதபடி மூடியிருப்பதுதான் வால்வு மூடி; பட்டறை மொழியில் டாப்பெட் கவர். மேலே இரண்டே நட்டுகள். மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு கார்க்கு வளையம், அதாவது 'பேக்கிங்'. ராக்கருக்கும் வால்வுக்கும் இடையே ஓர் அங்குலத்தின் நூறில் ஒரு பங்கு இடைவெளி இருக்க வேண்டும். ஓட ஓட அது மாறும். அதைச் சரி செய்யும்போதெல்லாம் மூடியைக் கழற்றியாக வேண்டும். காய்ந்து போன கார்க்கு அப்போது உடையும். ஆகவே பழுது என்பது இந்த வண்டியின் விபத்தல்ல, அமைப்பின் ஒரு பகுதி என்றே சொல்ல வேண்டும். முன்சக்கரக் காப்புகளோடு சேர்ந்து முகப்பு முழுவதும் முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும் கார் அது; மெக்கானிக் டயரின் மீதே அமர்ந்து வேலை பார்க்கலாம். வடிவமைத்தவர்கள் அவனையும் மனத்தில் வைத்திருந்தார்கள்.

கார்க்கு இங்கே விளைவதல்ல. போர்ச்சுகல் முதலிய நாடுகளில் ஒருவகை ஓக் மரத்தின் பட்டையை ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை உரித்து எடுக்கிறார்கள். 1665இல் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் அதைப் பார்த்துத்தான் 'செல்' என்ற சொல்லை உயிரியலுக்குக் கொடுத்தார். அந்தச் சிற்றறைகளுக்குள் காற்று அடைபட்டிருப்பதால், கார்க்கை அழுத்தினால் பக்கவாட்டில் பிதுங்காமல் உள்ளுக்குள்ளேயே அமுங்கும். எண்ணெயும் எளிதில் ஊடுருவாது. ஆனால் எஞ்சின் சூட்டில் ஆண்டுக்கணக்கில் இருந்தால் சுருங்கும், விறைக்கும், கசியும். கசிந்த எண்ணெய் புகைபோக்கிக் குழாயின் மேல் விழுந்து எழும் கருகல் வாடையைப் பழைய கார்களில் பயணித்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

நிற்க. உதிரி பாகம் கிடைக்காத ஊரில் இதற்கு வேண்டியது ஒரு கார்க்குத் தாள் மட்டுமே. மூடியைத் தாளின் மேல் கவிழ்த்துக் கோடு கிழித்து, பிளேடால் அறுத்தால் பேக்கிங் தயார். கடினமான பகுதி, பழைய கார்க்கின் துணுக்குகளை உள்ளே விழாமல் சுரண்டி எடுப்பது. அதைவிடக் கடினம், நட்டை அளவோடு முடுக்குவது. கசிகிறதே என்ற பதற்றத்தில் கூடுதலாக முடுக்கினால் மெல்லிய தகரம் வளையும். பிறகு எத்தனை பேக்கிங் மாற்றினாலும் ஒழுக்கு நிற்காது. வளைந்த விளிம்பைச் சமமான இரும்பின் மேல் வைத்து மெதுவாகத் தட்டி நேராக்க வேண்டும். மூச்சுக்குழல் அடைத்திருந்தாலும் உள்ளழுத்தம் ஏறி இதே கசிவு வரும். இந்த வேறுபாட்டை வாடையாலும் கறையாலும் அறிந்தவனே நல்ல மெக்கானிக். எந்த ஆலையின் ஆவணத்திலும் பதிவாகாத அறிவு இது. டேவிட் எட்ஜர்டன் தொழில்நுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்பிலிருந்து அல்லாமல் பயன்பாட்டிலிருந்தும் பராமரிப்பிலிருந்தும் எழுத வேண்டும் என்று 2006இல் ஒரு நூலே எழுதினார். அவர் வாதத்துக்குச் சான்று தேடி நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை.

பழமையைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. ரப்பர் பேக்கிங் கார்க்கைவிட நெடுநாள் உழைக்கிறது. இன்றைய எஞ்சின்கள் எண்ணெய் சொட்டுவது அரிது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் உற்பத்தியைத் தொடங்கியபோது காஞ்சிபுரம் மாவட்டத்தின் கார் வரலாறு வேறொரு கட்டத்துக்குப் போய்விட்டது. இன்று பல கார்களில் வால்வு மூடி பிளாஸ்டிக்கால் ஆனது. எஞ்சினின் உள்ளழுத்தத்தைச் சீராக்கும் சவ்வும் சிலவற்றில் அதற்குள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும். சவ்வு கிழிந்தாலோ பிளாஸ்டிக் வளைந்தாலோ பெரும்பாலும் மூடி முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள். அதை எந்தத் தாளின் மேலும் கவிழ்த்து வைத்துக் கோடு கிழிக்க முடியாது.