காசும் கேஷும்

ஆங்கிலத்தில் ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' தமிழ்க் 'காசு' ஈன்ற பிள்ளை என்று மேடைதோறும் முழங்கப்படுவது, ஒலியொப்புமை ஒன்றையே சான்றாகக் கொண்டு சொற்பிறப்புக் காண முயல்வதன் விளைவேயாகும். கொள்ளுதல், பற்றுதல் எனப் பொருள்படும் 'காபெரே' என்னும் இலத்தீன் வினையடியாகப் பிறந்த 'கப்சா' பெட்டியைக் குறித்தது. அது இத்தாலியில் 'காஸ்ஸா' எனவும் பிரெஞ்சில் 'கெஸ்' எனவும் திரிந்து, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் 'கேஷ்' ஆகி, பணப்பெட்டியையும் அதிலுள்ள பணத்தையும் ஒருங்கே குறித்துப் பின்னர்ப் பெட்டிப்பொருளை இழந்தது. இவ்வாகுபெயர் தமிழ்க் கடைத்தெருவுக்கும் புதிதன்று. பணப்பெட்டியாகிய கல்லாவின் பெயராலேயே 'இன்று கல்லா எவ்வளவு' என்று அன்றைய வசூலைக் கேட்பதுண்டு. கேஷியர் என்பாரும் பெட்டிக்காரரே. பதவியிலிருந்து விலக்குதலைக் குறிக்கும் 'கேஷியர்' என்னும் ஆங்கில வினையோ, உடைத்தல், செல்லாததாக்குதல் என்னும் பொருளுடைய பிரெஞ்சு 'காஸே' வழிவந்த வேறு சொல்.

ஆயினும் ஆங்கிலத்தில் இன்னொரு 'கேஷ்' உண்டு. அது சிறு நாணயத்தின் பெயர். தமிழ்க் காசைப் போர்த்துகீசியர் தம் மொழியில் பெட்டியைக் குறிக்கும் 'காய்ஷா' என்னும் சொல்லின் வடிவிலேயே வழங்கி, சீனத்தின் துளையிட்ட செப்புநாணயத்துக்கும் அப்பெயரை இட்டனர். இரண்டு சொற்களும் மயங்கியது இங்கேதான். சென்னையில் கிழக்கிந்தியக் கும்பினியின் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு பகோடா என்னும் பொன்நாணயம். 1808ஆம் ஆண்டு பொறித்து இங்கிலாந்தில் அடிக்கப்பட்ட இருபது காசுச் செப்புநாணயத்தின் ஒரு பக்கத்தில் கும்பினியின் சின்னமும், மறுபக்கத்தில் பாரசீக எழுத்தோடு 'கேஷ்' என்னும் ஆங்கிலச் சொல்லும் உள்ளன. அந்நாணயங்களைச் சென்னைக்கு ஏற்றிப் புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' என்னும் கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகே மணல்திட்டில் சிக்கி மூழ்கியது.

காசையே வடமொழிக் 'கர்ஷ'த்தின் திரிபு என்பர் சிலர். கர்ஷம் நிறைப்பெயர், அள்ளூர் நன்முல்லையாரின் குறுந்தொகைப் பாட்டிலோ (67) காசு நிறையுமன்று, நாணயமுமன்று. கிளியின் வளைந்த அலகிலுள்ள வேப்பம்பழத்துக்கு, புதுநூலில் கோப்பதற்காகக் கூரிய நகத்தாற் பற்றிய பொன்னணிக் காசு அங்கே உவமையாகிறது. அப்பொருளைக் காசுமாலை இன்றும் கழுத்தில் தாங்கிநிற்கிறது. கோக்கப்பட்ட காசே பின்னர் எண்ணப்பட்ட காசாயிற்று எனில், அது தமிழ்ச்சொல்லே எனக் கருத இடமுண்டு.