புறநூலக இணைப்பு (சி நிரலாக்கம்)

சி நிரல் ஒன்று, தன்னிடம் இல்லாத செயற்கூறுகளை வெளியே தொகுத்து வைக்கப்பட்ட நூலகத்திலிருந்து பெறும்படி செய்வது புறநூலக இணைப்பு. மேக், சிமேக் போன்ற கருவிகள் முறையான குறிப்புக் கோப்பு இருந்தால் இதைப் பார்த்துக்கொள்ளும். கட்டளை வரியில் கையால் தொகுப்பவர் நூலகத்தின் பெயரையும், வழக்கமற்ற இடமானால் அந்த இடத்தையும் தாமே சொல்ல வேண்டும்.

தமிழைத் திரையில் வரையும் நிரல் நல்ல எடுத்துக்காட்டு. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் அறப்பளீசுவரர் கோயில் இருக்கும் வளப்பூர் நாட்டின் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். 'வளப்பூர்' கண்ணுக்கு 5 எழுத்து. யூனிகோடில் 8 குறியெண். யுடிஎஃப்-8 முறையில் 24 பைட்டு. சரத்தின் நீளத்தை அளக்கும் சி செயற்கூறு 24 என்றே விடை தரும். 'கொல்லி' இன்னும் சிக்கலானது. ககரத்துக்குப் பின் சேமிக்கப்படும் ஒகரக் குறி, வரையும்போது இரண்டாகப் பிரிந்து, கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போக வேண்டும். சியின் செந்தர நூலகத்தில் இதற்கு வழியில்லை. வடிவங்களைத் தேர்ந்து வரிசைப்படுத்த ஹார்ஃபஸ், எழுத்துருவிலிருந்து அவற்றை வரைந்தெடுக்க ஃப்ரீடைப் என இரு நூலகங்கள் பரவலாகப் பயன்படுகின்றன.

தலைப்புக் கோப்பைச் சேர்த்ததும் நூலகமும் வந்துவிட்டது என்று நினைப்பதில்தான் புதியவர்கள் இடறுகிறார்கள். பொதுவாகத் தலைப்புக் கோப்பில் இருப்பது செயற்கூறின் பெயரும் அது ஏற்கும் தரவு வகைகளும் மட்டுமே. தொகுப்பி அதை நம்பிக் கடந்துவிடும். செயற்கூறின் உடல் எங்கே என்று கேட்பது இணைப்பி. 'வரையறுக்கப்படாத சுட்டு' என்ற பொருளில் பிழை வந்தபின் தலைப்புக் கோப்பைத் துருவுவதால் பெரும்பாலும் பயனில்லை. ஜிசிசி தொகுப்பியின் கட்டளையில் பெரிய 'ஐ' கொடி தலைப்புக் கோப்புகளின் அடைவையும், பெரிய 'எல்' நூலகம் இருக்கும் அடைவையும், சிறிய 'எல்' நூலகத்தின் பெயரையும் குறிக்கும். பெயரின் முன்னொட்டான 'லிப்' எழுதப்படுவதில்லை. கணித நூலகத்துக்குச் சிறிய எல்லோடு 'எம்' போதும்.

வரிசையும் முக்கியம். இணைப்பி இடமிருந்து வலமாகப் படிக்கும். நிரலுக்குள்ளேயே சேர்க்கப்படும் நிலை நூலகத்திலிருந்து அதுவரை தேவைப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடும். ஆகவே கேட்பவர் முன், கொடுப்பவர் பின். ஹார்ஃபஸ் ஃப்ரீடைப்பை அழைக்கலாம். ஃப்ரீடைப்பையும் ஹார்ஃபஸை அழைக்கும்படி கட்டமைக்கலாம். அத்தகைய நிலை நூலகங்களில் ஒன்றின் பெயரை இருமுறை எழுத நேரும். பார்க்க அசிங்கம்தான், ஆனால் பிழையன்று. வேண்டிய கொடிகளைப் பிகேஜி-கான்ஃபிக் கருவியிடம் கேட்டு வாங்குவது எளிது.

நிரலுக்குள் சேராமல் தனிக் கோப்பாகவே இருக்கும் பகிர் நூலகமானால், நிரலை இயக்கும்போது இன்னொரு தேடல் நடக்கும். பெரிய 'எல்' கொடிக்கு அங்கே வேலையில்லை. தொகுக்கும்போது கிடைத்த நூலகம் இயக்கும்போது கிடைக்காமல் போவது அதனால்தான். லினக்சில் எது கிடைக்கவில்லை என்பதை எல்டிடி கட்டளை காட்டிவிடும்.