ரோஜாக் கோப்பை வந்த வழி

பதுளைப் பக்கத்துப் பழைய வீடுகளில் கண்ணாடி அலுமாரியின் மேல்தட்டைப் பாருங்கள். பூப்போட்ட பீங்கான் கோப்பை ஒன்றிரண்டாவது இருக்கும். விருந்தாளி வந்தால்தான் அது கீழே இறங்கும். அன்றாடத் தேத்தண்ணிக்கு வேறு கோப்பை. இந்தப் பூக்கோப்பைகளில் பிரான்ஸின் லிமோஜ் நகரத்துப் பழைய ரோஜாக்களுக்குத் தனி மவுசு. ஆனால் அந்த ரோஜா மலர்ந்த கதை பிரான்ஸில் தொடங்கவில்லை.

மன்னார் மாந்தைத் துறைமுகத்தை அகழ்ந்தபோது ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட சீனப் பாண்ட ஓடுகள் கிடைத்தன. இலங்கை கையாண்ட சீனப் பீங்கானைச் செய்யும் வித்தை ஐரோப்பாவுக்கு 18ஆம் நூற்றாண்டு வரை பிடிபடவில்லை. தங்கம் செய்வதாகச் சொன்ன போட்கர் என்ற இளைஞனைச் சக்சனி மன்னன் அடைத்து வைத்தான். தங்கம் வரவில்லை, பீங்கான் வந்தது. 1710இல் மைசென் ஆலை எழுந்தது. அங்கே ரகசியத்தைப் பூட்டி வைத்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். சீனாவிலிருந்த தந்திரகோல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார், ஜிங்தெழன் குயவர்களின் மண்ணையும் சூளையையும் விவரித்து 1712இல் கடிதம் எழுதினார்.

முப்பது ஆண்டு கழித்து அதே வேலையை இன்னொரு பாதிரியார் நம் பக்கம் செய்தார். சோழமண்டலக் கரையின் பூத்துணி பிரான்ஸில் அத்தனை பேரை மயக்கியதால், உள்ளூர் நெசவாளரைக் காக்க 1686இல் தடையே போட்டிருந்தார்கள். அந்தத் துணிக்குச் சாயமேற்றும் முறையை 1742இல் கேர்தூ பாதிரியார் எழுதி அனுப்பினார். தடை 1759இல்தான் நீங்கியது. பிற்காலத்தில், 1920களின் இறுதியில், இங்கிலாந்தின் ராயல் விண்டன் ஆலை அந்தத் துணிப் பூக்களைக் கோப்பை முழுக்க இடைவெளியில்லாமல் பதித்து விற்றது.

தந்திரகோலின் கடிதம் இருந்தும், பீங்கானுக்கு வேண்டிய வெண்களி இல்லாமல் பிரான்ஸ் தவித்தது. 1768 வாக்கில் லிமோஜுக்கு அருகே ஒரு வைத்தியரின் மனைவி துணி வெளுக்கப் பயன்படுத்திய வெள்ளை மண்தான் அது என்று தெரிந்ததாகச் சொல்வார்கள். 1842இல் ஹாவிலாண்ட் என்ற அமெரிக்க வியாபாரி லிமோஜுக்கு வந்து, தன் நாட்டவருக்குப் பிடித்த சின்னச் சின்ன ரோஜாக்களைக் கப்பல் கப்பலாக அனுப்பினார்.

பின்னர் இங்கே, பதுளையைச் சுற்றிய ஊவாவில், கோப்பிச் செடி நோயில் அழிந்து, தேயிலை ஏறியது. 1890இல் லிப்டன் தம்பேத்தன்னைத் தோட்டத்தை வாங்கினார். 1924இல் ரயில் பதுளையை எட்டியது. பங்களாக்களில் துரைமாருக்கு மாலைத் தேநீர் பூக்கோப்பையில் போனது. அவற்றைக் கழுவித் துடைத்து அடுக்கிய கைகளில் பல தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுடையவை. பூத்துணியை உலகுக்குக் கொடுத்த அதே தமிழ் மண்ணின் பிள்ளைகள் பூக்கோப்பையை அடுத்தவர் மேசைக்காகத் துடைத்தார்கள். இந்தப் பயணத்தில் என்னை அதிகம் வருத்துவது இந்த இடம்தான்.

கதையின் கடைசிக் கிளை எதிர்பாராதது. 1889இல் பாரிஸ் கண்காட்சியில் பிரெஞ்சுப் பீங்கானைக் கண்டு வியந்த ஜப்பானிய வியாபாரி மொரிமுரா, 1904இல் நோரிடாகே கம்பனியைத் தொடங்கினார். வெண்மை கைவர வருடங்கள் ஓடின. 1914இல்தான் சிறு பூக்கொத்து விளிம்போடு முதல் விருந்துத் தொகுதி வெளிவந்தது. அதே நோரிடாகே 1972இல் மாத்தளையில் கால் வைத்தது. எனவே நம் அலுமாரியின் ரோஜா மாத்தளையில் பிறந்ததாகவும் இருக்கலாம். அதைக் குறைவாக மதிக்க நான் காரணம் காணவில்லை.

பழையதைத் தேடுபவர்கள் கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். அமெரிக்கா 1891இல் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கியது. அங்கே விற்கச் செய்த லிமோஜ் கோப்பையில் நாட்டின் பெயர் இல்லாவிட்டால் அது பெரும்பாலும் அதற்கு முந்தியது. பூவை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அச்சு. தூரிகை போன தடம் தெரிந்தால் யாரோ ஒருவர் கையால் வரைந்தது.