போர்ட் மதுவின் வகைகள்: கலனும் காலமும்

தமிழில் நாம் 'பீப்பாய்' என வழங்கும் சொல், 'பீப்பா' என்னும் போர்த்துகீசியச் சொல்லின் வழிவந்தது. போர்த்துகல் நாட்டு டூரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் அச்சொல் மரக்கலனை மட்டுமன்றி, 550 லிட்டர் கொண்ட முகத்தலளவை ஒன்றனையும் குறிக்கும். அவ்வாற்றின் முகத்துவாரத்து நகராகிய போர்ட்டோவின் பெயர் பெற்ற போர்ட் மதுவின் வரலாற்றில் இக்கலனுக்குரிய இடம் பெரிது. அம்மதுவின் வகைகள் சுவையால் வேறுபடுவது எதனால்? அவற்றுள் 'உண்மைப் போர்ட்' என ஒன்றனைச் சுட்டவியலுமா? இவ்விரு வினாக்களையும் ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் செய்முறையை நோக்குவோம். பிழிந்த திராட்சைச் சாறு நொதிக்கத் தொடங்கிச் சில நாட்களில், அதன் சர்க்கரையிற் பாதியளவு எஞ்சியிருக்கும்போதே, திராட்சைச் சாராயம் சேர்க்கப்படும். 435 லிட்டர் சாற்றுக்கு 115 லிட்டர் சாராயம் என்பது மரபுவழிக் கணக்கு. இரண்டும் கூட ஒரு பீப்பா நிறையும். சாராயத்தின் வன்மையால் நொதித்தல் நிற்கும், இனிமை தங்கும். வெள்ளைத் திராட்சையிற் செய்யும் வகையும் உண்டு எனினும், சிவப்பு வகைகளையே இங்கு எடுத்துக்கொள்வோம். இம்மட்டும் அவையனைத்தும் ஏறக்குறைய ஒன்றே. வேறுபாடு பிறப்பது இதன் பின்னரே.

மதுவை எக்கலனில், எத்துணைக் காலம் வைப்பது என்பதே வேறுபாட்டிற்குத் தலையாய காரணம். 'ரூபி' என்பது பெருந்தொட்டிகளிற் காற்று மிகப் படாதவாறு சில ஆண்டுகளே வைக்கப்படுவது. ஆதலின் மாணிக்கச் செம்மையும் புதுப்பழச் சுவையும் அதன்கண் மாறாதிருக்கும். 'டானி' சிறு பீப்பாயில் நெடுங்காலம் கிடப்பது. பலகையின் நுண்துளை வழியே காற்று மெல்லப் புகுதலால் செம்மை வெளிறிப் பழுப்பாகும். வாதுமையையும் உலர்ந்த அத்தியையும் நினைவுறுத்தும் சுவை தோன்றும். அதன் புட்டியிற் பொறிக்கப்படும் 10, 20, 30, 40 என்னும் எண்கள், பல ஆண்டு மதுக்களைக் கலந்து பெற்ற முதிர்ச்சியைக் குறிப்பனவேயன்றி ஓர் அறுவடையின் அகவையைக் குறிப்பன அல்ல.

'விண்டேஜ்' இதற்கு மறுதலை. சிறந்ததெனத் தேர்ந்த ஓராண்டின் விளைவை, அறுவடைக்குப்பின் இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டிற் புட்டியில் அடைத்துவிடுவர்; அது புட்டிக்குள்ளேயே பல பத்தாண்டுகள் முதிரும். இளமையில் துவர்ப்பு மிக்கு நாவைப் பற்றும், முதுமையில் அத்துவர்ப்பு அடங்கும், வண்டல் படியும். ஆகவே தெளியவைத்து இறுத்தே பருகுவர். டானியோ பீப்பாயிலேயே வண்டலை நீத்து வருதலின் அது வேண்டுவதில்லை. இவ்விரண்டனையும் அடுத்தடுத்துச் சுவைப்போர், ஒன்றிற் காற்றின் வினையையும் மற்றொன்றிற் காற்றின்மையின் வினையையும் உணர்வர். கலனும் காலமும் மதுவின் இயல்பை மாற்றும் என்பது சங்கப் புலவரும் அறிந்ததே. மூங்கிற் குழாயில் விளைந்த தேறலை மலைபடுகடாமும், நிலத்திற் புதைத்து முதிர்ந்த மட்டினைப் புறநானூறும் கூறுகின்றன.

இனி, இரண்டாம் வினாவிற்கு வருவோம். 1703-ஆம் ஆண்டின் மெத்துவென் உடன்படிக்கை, இங்கிலாந்தில் போர்த்துகீசிய மதுவின் தீர்வையைப் பிரெஞ்சு மதுவின் தீர்வையினும் மூன்றிலொரு பங்கு குறைத்தது. வாணிகம் பெருகவே கலப்படமும் பெருகிற்று. நிறமேற்றுதற்கு எல்டர் என்னும் மரத்தின் கருங்கனிச் சாற்றைக் கலந்தனர். 1756-இல், பின்னாளிற் பொம்பல் கோமகன் எனப் பெயர்பெற்ற அமைச்சர், வாணிகக் கழகம் ஒன்றனை நிறுவி, மது விளையும் நிலத்திற்கு எல்லை வகுக்கச் செய்தார். எல்லையிற் கருங்கற்கள் நாட்டப்பெற்றன. எல்டர் மரங்களை வேரோடு களையவும் ஆணை பிறந்தது.

அக்காலத்திற் சாராயம், கடற்பயணத்தில் மது கெடாதிருத்தற்பொருட்டுப் பெரும்பாலும் சிறிதளவே சேர்க்கப்பட்டது. 1820-ஆம் ஆண்டின் விளைவு இயல்பாகவே இனிமை மிக்கதாய் அமைந்தது. அச்சுவையையே ஆங்கிலேயர் பின்னரும் விரும்பியதால், நொதித்தலை இடையில் நிறுத்தும் முறை மேன்மேலும் பரவிற்று என்பர். இதனை வன்மையாக எதிர்த்தவர் ஜோசப் ஜேம்ஸ் பாரெஸ்டர். டூரோ ஆற்றின் நிலப்படத்தை வரைந்து புகழ்பெற்ற இவ்வணிகர், 1844-இல் வெளியிட்ட சிறுநூலில், சாராயம் பெய்து இனிமையைத் தேக்குவது கலப்படமே என்றும், சாராயம் சேராது முற்ற நொதித்த மதுவே தூயது என்றும் வாதிட்டார். உடன்வணிகர் பலர் அவரைப் பகைத்தனர். 1861-இல் அவ்வாற்றிலேயே படகு கவிழ்ந்து அவர் மாண்டார். அவர் கண்டித்த முறையே பின்னர் விதியாயிற்று. சாராயம் சேராத மது இன்று போர்ட் எனப் பெயர் பெறாது.

ஆயின், பாரெஸ்டர் கூற்று முற்றும் பிழை எனத் தள்ளலாமோ? தள்ளலாகாது. முந்தைய வழக்கு யாது என்பதில் அவர் கூறியது பெரிதும் பொருந்துவதே. முந்தையது ஒன்றே தக்கது என்றதுதான் நிலைபெறவில்லை. மேலும், எல்டர் கனிச்சாறு உள்ள குறையை மறைத்தற்குக் கலந்தது. சாராயமோ புதியதொரு சுவையை ஆக்கிற்று. இரண்டனையும் கலப்படம் என்னும் ஒரு சொல்லுள் அடக்குதல் பொருந்தாது. தொன்மை வேறு, தகுதி வேறு என்னும் இவ்வுண்மை, ஏடுகளின் பாடங்களை ஆராயும் நமக்கும் வேண்டுவதேயாகும். பாரெஸ்டர் விரும்பிய, சாராயம் சேராத மதுவும் அழிந்துபடவில்லை. அதே பள்ளத்தாக்கில் அது இன்று 'டூரோ' என்னும் தன் பெயராலேயே விளைந்து விலைபோகின்றது.