நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்

மலர்க் குழு நண்பன் போன் செய்து, "டேய், நீ மெக்கானிக்கல் ஆளு. ஏதாவது மிஷினோட வரலாறு எழுதிக் குடு" என்றான். எழுதுகிறேன். ஆனால் இது ஏறக்குறைய ஒரு வருடம் என் காலிலேயே மாட்டியிருந்த மிஷின்.

நாலு வருடங்களுக்கு முன் பைக் விபத்து. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிச் சீழ் பிடித்தது. கெட்ட பகுதியை வெட்டியெடுத்ததும் நாலு சென்டிமீட்டர் இடைவெளி விழுந்துவிட்டது. "காலை எடுத்துடறதுதான் நல்லது" என்றார் ஒரு டாக்டர். இன்னொருவர், "இலிசரோவ் போட்டுப் பார்க்கலாம். ஆனா பொறுமை வேணும் சார்" என்றார். அந்தப் பெயரை அன்றுதான் கேட்டேன். படுக்கையில் கிடந்தபடி தேடிப் படித்தது இது.

கவ்ரீல் இலிசரோவ் 1921-ல் பிறந்தவர். 1944-ல் டாக்டர் படிப்பை முடித்ததும் சோவியத் அரசு அவரை மேற்கு சைபீரியாவில், குர்கன் பகுதியில் ஒரு கிராமத்துக்கு அனுப்பியது. போரில் காயம்பட்டு, முறிந்த எலும்பு கூடாமல் தவித்தவர்கள் அப்போது ஏராளம். 1951-ல் அவர் ஒரு கருவி செய்தார். காலைச் சுற்றி உலோக வளையங்கள். எலும்புக்குக் குறுக்கே ஒன்றரை மில்லிமீட்டர் கம்பிகள். வளையங்களை இணைக்க மரை போட்ட தண்டுகள். சைக்கிள் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பி மெல்லிசுதான், இழுத்துக் கட்டினால் ஆளையே தாங்கும்!

எலும்பு முனைகளை நெருக்கிப் பிடிக்கத்தான் முதலில் அதைச் செய்தார். ஒரு நோயாளி நட்டை எதிர்ப்பக்கம் திருப்பிவிட, விலகிய இடைவெளியில் புது எலும்பு முளைத்திருந்ததாக ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, அதை விஞ்ஞானம் ஆக்கியது அவருடைய ஆராய்ச்சி. நாய்களின் காலில் வேகத்தை மாற்றி மாற்றிச் சோதித்தார். நாளுக்கு அரை மில்லிமீட்டர் விலக்கினால் எலும்பு சீக்கிரமே கூடி, மேலே விலக விடாது. இரண்டு மில்லிமீட்டர் என்றால் திசுக்கள் தாங்காது. ஒரு மில்லிமீட்டர்தான் சரி. அதையும் சின்னச் சின்னத் தவணையாகக் கொடுத்தால் இன்னும் நல்லது. எலும்போடு தசை, நரம்பு, ரத்தக்குழாய் எல்லாம் வளர்ந்து கொடுக்கும்.

மாஸ்கோவின் பெரிய டாக்டர்கள் நெடுநாள் இவரைப் பொருட்படுத்தவில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரத் தாண்டலில் தங்கம் வென்ற வாலேரி புருமெல், 1965-ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் காலை உடைத்துக்கொண்டார். பல ஆபரேஷன்களுக்குப் பின் 1968-ல் குர்கனுக்குப் போனார், மறுபடியும் தாண்டினார். அதன்பிறகு நாடே திரும்பிப் பார்த்தது. 1980-ல் இத்தாலிய மலையேற்ற வீரர் கார்லோ மௌரி அங்கே குணமாகி ஊர் திரும்பினார். மறுவருடம் இத்தாலியில் நடந்த மாநாட்டில் இலிசரோவ் பேசினார். மேற்கத்திய டாக்டர்கள் அதற்குப் பிறகுதான் இந்த முறையைக் கற்றுக்கொள்ள வந்தார்கள். கண்டுபிடித்து முப்பது வருடம் கழித்து! 1992-ல் அவர் காலமானார்.

இனி என் கால். மேலே நல்ல எலும்பில் ஒரு வெட்டுப் போட்டு, ஒரு வாரம் பொறுத்து, அந்தத் துண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நகர்த்தி இடைவெளியை மூட வேண்டும். துண்டு விட்டு வந்த இடத்தில் புது எலும்பு வளரும். தண்டில் மரையின் பிட்ச் ஒரு மில்லிமீட்டர். ஆகவே கால் சுற்றுக்குக் கால் மில்லிமீட்டர். நாளைக்கு நாலு தடவை. "பிட்ச் தெரியாம நட்டைத் தொடாதே தம்பி" என்று நம் ஒர்க்ஷாப் இன்ஸ்ட்ரக்டர் அதட்டியது நினைவிருக்கிறதா? அவரை தினமும் நாலு தடவை நினைத்தேன். "ஏங்க, ஆறு மணி ஆயிடுச்சு, ஸ்பேனர் எங்க?" என்பாள் மனைவி. அவள் கையில் இருந்தது சாதாரணப் பத்தாம் நம்பர் ஸ்பேனர்தான்.

நகர்த்த நாற்பது நாள். எலும்பு கெட்டிப்பட மாதக்கணக்கு. வலி இல்லை என்றால் பொய். கம்பி நுழைந்த இடங்களில் புண், தூக்கமில்லாத ராத்திரிகள் எல்லாம் உண்டு. எல்லாக் காலுக்கும் இது ஒத்துவராது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும், நண்பர்களே, உங்கள் வீட்டில் யாருக்காவது "எடுத்துடலாம்" என்று சொன்னால், அவசரம் இல்லாத பட்சத்தில் இன்னொரு டாக்டரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சந்திப்பு நாளன்று டிராயிங் ஹால் மாடிக்குப் படியேறியே வருவேன். கொஞ்சம் மெதுவாகத்தான் வருவேன். குரூப் போட்டோவை அதுவரை எடுத்துவிடாதீர்கள்!