ஈழத்தரசன் வியந்த வெள்ளி

அரேபியாவைச் சுற்றிச் சென்ற ரோமானியப் பாய்மரக் கப்பல் ஒன்றைக் காற்று அடித்துச் சென்று 15ஆம் நாள் ஈழத்துத் துறையொன்றில் சேர்த்ததாகப் பிளினி எழுதுகிறார். அதிலிருந்தவர், அன்னியஸ் புளோகாமஸின் விடுவிக்கப்பட்ட அடிமை. கரையேறியவர் ஆறு மாதம் தங்கி அவ்வூர் மொழியையும் கற்றார். அவரிடமிருந்த வெள்ளிக்காசுகளில் முகங்கள் வெவ்வேறாயினும் எடை ஒன்றாயிருக்கக் கண்டு வியந்த மன்னன், கிளாடியஸுக்குத் (கி.பி. 41-54) தூதும் அனுப்பினானாம். பிளினி கதை அளப்பார்தான்; இருக்கட்டும்.

ஆனால் ஈழத்தில் அக்கால ரோமானிய வெள்ளி அரிது. கிடைப்பவை பெரும்பாலும் பிற்காலச் செப்புக்காசுகள். அகஸ்டஸ், டைபீரியஸ் முகங்கள் பொறித்த வெள்ளியோ நம் கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842இல் நூற்றுக்கணக்கில் வெளிப்பட்டது. படியூர்ப் பச்சைக்கல் பாலக்காட்டுக் கணவாய் வழியே முசிறிக்கு இறங்க, அதன் விலையாகவே இவை மேலேறி வந்திருக்க வேண்டும் என்று கருதுகிறோம்.